தாடையில் விழுந்த பிடி

காலையில் பல் தேய்க்கும்போதுதான் அது முதலில் தெரிந்தது: உள்ளேயிருந்து யாரோ கட்டைவிரலால் தாடையை அழுத்துவதுபோல ஒரு வலி. சொத்தைப் பல் எதுவும் இல்லை. போன வாரம்தான் பல் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார்.

மதியத்துக்குள் அது முதுகுக்கு இறங்கிவிட்டது. சலவை நிலையத்தின் பின்னறையில் எல்லாரும் சாப்பிடப் போயிருக்க, துவைக்கும் இயந்திரங்கள் ஈரத்துணியைச் சுவரில் அறைவதுபோல 'தொப் தொப்' என்று புரட்டிக்கொண்டிருக்க, ஆவியும் சோப்பும் கலந்த வாடையில் அவள் மட்டும் இஸ்திரி பிரஸ் முன்னால் நின்று ஓட்டல் விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கால்மிதியை அழுத்தினால் மேல்தட்டு இறங்கும். காலை எடுத்தால் ஏறும். இருபது வருடப் பழக்கம். இன்று விரிப்பைத் தூக்கவே மூச்சு வாங்கியது. அந்தக் கொதிக்கும் அறையில் அவளுக்குக் குளிர்ந்த வேர்வை வழிந்தது.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, முதுகைப் பிடிச்சு இழுக்குது. குமட்டுது. அக்காவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"உங்க அக்கா தூக்கத்துல போனாங்க. உனக்கு வாய்வு. நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்சு இல்ல..."

"அப்புறம் என்ன? சுடுதண்ணி குடி."

வைத்துவிட்டான்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு. பத்து வருடமாகச் சர்க்கரை. இரண்டாவது பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறி, பிழைத்ததே பெரிய விஷயம். அதையெல்லாம் யாரும் கேட்டதில்லை; மாதவிலக்கு நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அக்காவிடமும் அதையேதான் சொன்னார்கள். தூக்கத்திலேயே போன புண்ணியவதி என்றார்கள். உடம்பைக் குளிப்பாட்டியவள் இவள்தான். தலையணை நடுவில் கிழிந்திருந்தது. இரண்டு நகங்கள் பிய்ந்திருந்தன. பல்லிடுக்கில் பஞ்சு.

பிரஸ்ஸை அணைத்துவிட்டு மேலாளரிடம் போய்ச் சொல்லலாம் என்று சுவிட்சுக்குக் கை நீட்டினாள்.

அடி விழுந்தது.

தோள்பட்டைகளுக்கு நடுவில், கடப்பாரையால் ஓங்கிக் குத்தியதுபோல. திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. மறுபடியும். இம்முறை அது விலா எலும்புகளை இரண்டு கையாலும் பிடித்து விரித்தது, கழுத்தை நெரித்துக்கொண்டு ஏறியது, தாடையைப் பிடித்துத் திருகியது. நாக்கு கடிபட்டது. வாயெல்லாம் ரத்தம். கத்தினாள். காற்று மட்டும் வந்தது.

முழங்கால் மடங்கியது. இடது கை எங்கேயோ போய் விழுந்தது. எங்கே என்று தெரியவில்லை. உடம்பு முழுப் பாரத்தோடு கால்மிதிமேல் சரிந்தது.

தட்டு இறங்கியது.

ஆவி சீறியது.

காலை எடுக்க வேண்டும். எடுக்க முடியவில்லை. கால் எது, தரை எது. நெஞ்சுக்குள் அது இன்னும் திருகிக்கொண்டிருந்தது. அதைத் தவிர வேறு எந்த வலியும் இல்லை.

கண் மட்டும் திறந்திருந்தது. தட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு மணிக்கட்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் அவளுடைய வளையல். அதைச் சுற்றி வெள்ளைத் துணி மெல்லப் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகி, புகை நிதானமாக மேலே ஏறியது.

கதவுக்கு அந்தப் பக்கம் மேலாளரின் குரல், சாப்பிட்ட வாயோடு:

"என்னம்மா, துணி கருகுற வாடை வருதே! பாத்துத் தேய்க்கக் கூடாதா?"