மேற்குச் சுவரில் நாலு இஞ்சு

பூட்டு சூடாக இருந்தது.

குளியலறைக் கதவில் ஆறு மாதத்துக்கு மேலாகத் தொங்கிக்கொண்டிருக்கும் பித்தளைப் பூட்டு அது. நடைவழிக் கொடியிலிருந்து சட்டையை உருவும்போது செல்வமுருகனின் புறங்கை அதில் பட்டது. ஆனி மாதக் கடைசி. மூன்று நாளாகச் சாரல் விடவில்லை. மலைமேல் நாயுடுபுரத்தில் சுவர், தரை, தலையணை, தீப்பெட்டி எல்லாவற்றிலும் ஓதம் ஏறி, தெருவே நனைந்த கோணிச்சாக்கு வாடை அடித்துக்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்றரை மணிக்கே மேகம் ஜன்னலை ஒட்டி வந்து நின்றுவிட, வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. அந்தக் குளிரில், யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து இப்போதுதான் விட்டதுபோல, பூட்டு மட்டும் சுட்டது.

அவன் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தான். வீட்டைக் காலி செய்ய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மனைவி தேவசேனா போன பிறகு எதையும் யோசிக்காமல் இருக்க அவன் பழகியிருந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தினான், வந்தான், படுத்தான். வீட்டுக்காரர் இராமலிங்கத்தை நினைத்தால் மட்டும் அடிவயிற்றில் ஒரு கங்கு கனன்றது. அது மட்டும் இத்தனை மாதத்தில் அவிந்தபாடில்லை.

போன் அடித்தது. அவரேதான்.

“வாத்தியாரே, எங்க இருக்கீக? என் தங்கச்சி மக சௌம்யா குடிவர்றான்னு சொன்னேன்ல, இன்னைக்கே பழனியில இருந்து கெளம்பிட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள வந்துருவோம்.”

“எனக்கு மாசக் கடைசி வரைக்கும் டயம் குடுத்தீங்க.”

“நீங்க முன் ரூம்புல இருந்துக்கங்க, யாரு வேணாங்கா. ஆடி பொறந்துட்டா பால் காய்ச்ச முடியாதுல்ல. அடைப்பும் முடிஞ்சுபோச்சு. பாத்ரூமத் தெறந்துவிட்டா புள்ளைக குளிச்சுக்கிரும். சிலிண்டரும் ஏத்திக்கிட்டுத்தான் வர்றேன்.”

“அந்த ஹீட்டரக் கழத்தணும்ணே.”

“ஏன், அது என்ன பண்ணுச்சு? ஒரு மாசங்கூட ஓடல. புதுசு.”

“என் பொண்டாட்டியக் கொன்னுச்சு.”

அந்தப் பக்கம் வேன் இரண்டாம் கியருக்கு மாறுகிற சத்தம். பிறகு அவர் குரல் தணிந்தது. “ஹீட்டரு யாரையும் கொல்லாது வாத்தியாரே. அந்தப் பொண்ணுக்கு வலிப்பு கிலிப்பு இருந்துருக்கும். பொண்ணு வீட்டுல மறச்சுக் கட்டிக் குடுத்துருப்பாங்க.”

செல்வமுருகன் போனை மறு காதுக்கு மாற்றினான். “அப்ப ஓட்டையாவது போடுங்க. நாலு இஞ்சு. புகை வெளிய போகட்டும். உங்க தங்கச்சி மகதானே குளிக்கப் போகுது?”

“திரும்பவும் சுவரா? மேக்குச் சுவருல சாரல் எப்படி அடிக்கும்னு ஒமக்குத் தெரியாது. ஒரு ஓட்டை போட்டா வீடு பூரா ஓதம் ஏறிக் கெடக்கும். வேற சோலி இருந்தாப் பாருங்க.” வைத்துவிட்டார்.

சுவரில் கை வைக்கக் கூடாது என்று அவர் சொல்வது இது மூன்றாவது தடவை.

முதல் தடவை போன கார்த்திகையில். கல்யாணமாகி மூன்று மாதம். தேவசேனா பழனி அடிவாரத்துப் பெண். அவள் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. மலைக்குளிர் அவளை ஆட்டிப் படைத்தது. இருவரும் கடைவீதிக்குப் போய் ஒரு சாயங்காலம் முழுக்க ஹீட்டர் பார்த்தார்கள். தொட்டி வைத்த கரண்ட் ஹீட்டர் என்றால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மலையில் வோல்டேஜ் பாதி நாள் படுத்துவிடும். சோலாரை இந்த மேகத்தில் நம்ப முடியாது. கடைசியில் கடைக்காரர் கேஸ் ஹீட்டரைக் காட்டினார். குழாயைத் திறந்தால் எரியும், மூடினால் அணையும். முன்பக்கம் சிவப்பு எண்ணில் சூடு தெரியும்.

“தெறந்த ஒடனே வெந்நி வந்துருமா?” என்று கேட்டாள்.

“கேட்ட ஒடனே வரும்மா.”

“எங்க ஊர்ல பங்குனி மத்தியானம் பச்சத்தண்ணி கேட்டாலும் வெந்நிதான் வரும். இந்த மனுசன் என்னையக் கொண்டாந்து ஐஸ்பெட்டிக்குள்ள வச்சுட்டாரு.” கடைக்காரர் சிரித்தார். அதையே வாங்கினார்கள்.

மாட்ட வந்த ஞானவேல், புகைக்குழாய் வெளியே போக மேற்குச் சுவரில் நாலு இஞ்சு ஓட்டை வேண்டும் என்றான். இராமலிங்கம் குடையோடு வந்து நின்று, கூடாது என்றார். ஞானவேல் தலையைச் சொறிந்தான். “ஊர்ல பாதி வீட்டுல இப்படித்தான் மாட்டிக் கெடக்கு சார். குளிக்கயில கதவ ஒரு வெரக்கட தெறந்து வச்சுக்கச் சொல்லுங்க.” யார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிப்பார்கள்? மார்கழியில் பனி கொட்டியது. பனிக்கு ஊரெல்லாம் வெண்டிலேட்டரை அடைப்பதுபோல செல்வமுருகனும் தெர்மோகோலை அளந்து வெட்டி, இடுக்கில்லாமல் அடைத்தான். அவள் கதவுக்குப் பின்னால் நின்று, “இப்பத்தான் உருப்படியா ஒரு வேல பாத்துருக்கீங்க,” என்றாள்.

நாலாம் நாள் காலை அவள் குளிக்கப் போனாள். ஹீட்டர் எரிகிற சத்தம் நாற்பது நிமிடம் கேட்டது. “ஏரியக் காலி பண்ணிட்டுத்தான் வருவியா?” என்று அவன் வெளியே நின்று கேலி செய்தான். கதவை நெம்பித் திறந்தபோது அவள் தரையில் மூச்சில்லாமல் கிடந்தாள், உதடு மட்டும் செக்கச்செவேலென்று.

இரண்டாவது தடவை அன்று மாலையே. சதயத்தில் உயிர் போனால் அடைப்பு என்று அவள் அப்பா சொன்னார். உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். உடலை வாசல் வழியே கொண்டுபோகாமல், அந்த அறைச் சுவரை இடித்து அந்த வழியாக வெளியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் போனவள் போகமாட்டாள். இராமலிங்கம் பாதிச் சாத்திரத்தை ஒத்துக்கொண்டார். “பூட்டிக்கிருவோம். சுவத்துல மட்டும் கை வைக்காதீங்க.” வாசல் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். பதினாறாம் நாள் காரியம் முடித்து அவன் பழனியிலிருந்து திரும்பியபோது, வெண்டிலேட்டர் இருந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசியிருந்தார். கதவில் பூட்டு. சாவி அவரிடம்.

இப்போது இன்னொரு பழனிப் பெண். அவளும் குளிரில் நடுங்கியபடி வருவாள். அவளும் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள்.

டிக். டிக். டிக்.

செல்வமுருகன் தலையைத் திருப்பினான். சத்தம் நடைவழியிலிருந்து வந்தது. ஹீட்டர் பற்றுவதற்கு முன் பொறி தட்டும் சத்தம். பிறகு, பொக்கென்று தீ பிடித்துக்கொள்ளும் சத்தம். அதன் பின்னால், தூரத்து அருவிபோல, நின்று எரியும் இரைச்சல்.

சிலிண்டரை அவன் மாசியிலேயே ஏஜென்சியில் திருப்பிக் கொடுத்துவிட்டான். குளியலறைக்குப் போகும் தண்ணீர் வால்வை அவனே மூடியிருந்தான். தண்ணீர் ஓடாமல் அந்த ஹீட்டர் பற்றாது. குழாயை ஒரு கை திறக்காமல் தண்ணீர் ஓடாது.

கதவில் காதை வைத்தான். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வாளியில் விழும் சத்தம் இல்லை. தரையில் விழும் சத்தமும் இல்லை. உடம்பின் மேல் விழுந்து, தோளில் பிரிந்து, வழிந்து, அதன் பிறகு தரையைத் தொடும் சத்தம். கதவிடுக்கில் மெல்லிய ஆவி கசிந்து அவன் கால்விரல்களை நனைத்தது.

பயம் வந்தது. அதற்கு முன்பே கோபம் வந்துவிட்டது. ஆறு மாதம். ஒரு மனுஷியை ஆறு மாதமாக உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். நாலு இஞ்சு கொடுக்க மனமில்லாமல்.

படுக்கைக்கு அடியிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனான்.

பின்புறம் சரிவு. சரிவுக்குக் கீழே இருக்கும் பிளம்ஸ் மரங்களைக் காணவில்லை. மேகம் பத்தடியில் வெள்ளையாக முடிந்தது. மேற்குச் சுவர் பாசி பிடித்து, சாரலில் ஊறி, கறுத்திருந்தது. இரண்டு ஹாலோபிளாக் கற்களைப் போட்டு ஏறி நின்றான். ஹீட்டருக்கு மேலே, ஞானவேல் அன்றைக்குப் பென்சிலால் வட்டம் போட்ட இடத்துக்கு நேர் பின்னால், முகத்துக்கு எதிரே உளியை வைத்தான்.

முதல் அடியில் பூச்சு உதிர்ந்தது. இரண்டாவது அடியில் செங்கல் சிவந்தது. அவன் செங்கல்லை அடிக்கவில்லை. குடையோடு வந்து நின்ற ஆளை அடித்தான். வலிப்பு என்று சொன்ன வாயை அடித்தான். தெர்மோகோல் வெட்டிய ஒருவனையும் அடித்தான். அவனுக்காக இன்னும் ஓங்கி அடித்தான். விரல் முட்டி உரிந்து ரத்தம் உளியில் வழிந்தது. சுவர் உள்ளே போகப் போகச் சூடாக இருந்தது. செங்கல்தூள் சுடுசாம்பல்போல மணிக்கட்டில் கொட்டியது.

ஒரு கட்டத்தில் அவன் கையை நிறுத்தினான்.

அடி நிற்கவில்லை.

உள்ளே இருந்து, மெத்தென்று, அதே இடத்தில். உள்ளங்கையால் தட்டுகிற மாதிரி. ஒன்று. இரண்டு. பிறகு நகத்தால் சுரண்டுகிற மாதிரி.

“வந்துட்டேன்,” என்றான். அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. “இரு. வந்துட்டேன்.”

உளி வழுக்கி உள்ளே போனது.

இழுத்தான். விளிம்பைத் தட்டி அகலப்படுத்தினான். நாலு இஞ்சு. வெந்நீராவி முகத்தில் அடித்தது. அதில் மஞ்சளும் சீயக்காயும் மணத்தன. அவள் தலை. அவள் கழுத்து. ஒரு மூச்சு இழுத்ததும் நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு ஆவி நின்றது.

காற்று திரும்பியது.

விளிம்பில் கிடந்த செங்கல்தூள் உள்ளே போனது. அவன் தோளருகே நின்ற மேகம் நூலாகத் திரிந்து உள்ளே போனது. ஒரு சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் நெடுநேரம் அமுங்கிக் கிடந்தவர் மேலே வந்து இழுக்கும் முதல் மூச்சின் சத்தம்.

அவன் போன் வெளிச்சத்தை ஓட்டையில் காட்டினான்.

உதடுகள்.

ஓட்டையின் விளிம்போடு ஒட்டி, அகலத் திறந்து, ஈரமாக. செர்ரிப் பழம்போலச் செக்கச்செவேலென்று. செங்கல்தூள் அப்பிய கீழுதடு. மேலுதட்டின் இடது ஓரத்தில் அவன் அறிந்த மச்சம். பல்லுக்கு அப்பால் இருட்டு. முகம் தெரியவில்லை. வாய் மட்டும்.

இழுத்துக்கொண்டிருந்தது.

“தேவா,” என்றான்.

முன்புறம் வேன் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. பேச்சுச் சத்தம் வீட்டுக்குள் ஏறி நடைவழிக்கு வந்தது. எல்லாம் அந்த உதடுகளைத் தாண்டி, ஓட்டை வழியாக, அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல அவனுக்குக் கேட்டது.

“வாத்தியாரக் காணமே.” இராமலிங்கத்தின் குரல். “கதவத் தெறந்து போட்டுட்டு எங்க போனாரு?” சாவிக்கொத்து குலுங்கியது. பூட்டு திறந்தது. கதவு கிரீச்சிட்டது. “ம். ஒண்ணுமில்ல, யாருமில்ல. பயந்தியே, நல்லாப் பாத்துக்க.”

யாருமில்லை. அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் உதடுகள் அசைந்தன. மூச்சு உள்ளே போய்க்கொண்டிருந்தது. அது இன்னும் வெளியே வரவில்லை. அவன் அதைக் கவனித்தான். ஒரு தடவைகூட வெளியே வரவில்லை.

“மாமா, உள்ள எவ்வளவு கதகதப்பா இருக்கு.” சின்னக் குரல். பல் கிடுகிடுக்கும் குரல். “நனஞ்சு வெறச்சுப்போயிட்டேன். ஒரு குளியல் போட்டுட்டு வந்துரவா?”

“சிலிண்டர மாட்டி, தண்ணியத் தெறந்துவிடுறேன். வெரசாக் குளிச்சுட்டு வா. பால் காய்ச்சணும்.”

வேண்டாம். செல்வமுருகன் வாயைத் திறந்தான். நெஞ்சிலிருந்து கத்தினான். காற்று கிளம்பியது. சத்தம் ஆகவில்லை. பல்லைத் தாண்டியதும் அது ஓட்டைக்குள் போய்விட்டது. மறுபடி கத்தினான். அதுவும் போனது. மூச்சை இழுத்தான். இழுக்க எதுவும் இல்லை.

கதவு சாத்தும் சத்தம்.

தாழ்ப்பாள்.

கையால் சுவரைத் தட்ட நினைத்தான். கை தொங்கியது. நெற்றி சுவரில் போய் முட்டியது. அவன் உதடுகள் ஓட்டைக்கு அருகே இழுபட்டன. சூடு. ஈரம். மஞ்சள் வாடை.

டிக். டிக். டிக். பொக்.

உள்ளே சௌம்யா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினாள். தண்ணீர் அவள் தோளில் விழுந்தது. சிவந்த வாய் இன்னும் அகலமாகத் திறந்தது. சரிவில் நின்ற மேகம் முழுவதும், மரம் மரமாக விலகி, மேற்குச் சுவரை நோக்கி நகரத் தொடங்கியது. பாட்டு மூச்சுக்குத் திணறி மெதுவானது.