சாரி சொன்னால் வலிக்கும்

பதினான்காம் மாடி செல்வின் கையை மடக்கி "பாத்தியா மசில்!" என்று சொன்னதுதான் தாமதம், தோலுக்கடியில் சுண்டெலி ஒன்று குடுகுடுவென்று ஓடியது. மனிதர் போட்ட கூச்சல் தூத்துக்குடித் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

எல்லாம் எங்கள் மாடியில் எல்லாரும் மணிக்கட்டில் கட்டியிருந்த வேருணர்த்தியின் வேலை. ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொன்னால், அது பிறந்த கதையை நரம்பு வழியே உணர்த்தும் பட்டை. 'மசில்' லத்தீனில் சுண்டெலி. 'விண்டோ' வட ஐரோப்பியக் கடலோடிகளிடம் காற்றின் கண். சொன்னால் இமையில் சில்லென்று ஊதும். 'ஓகே' பிறந்ததோ அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் வேண்டுமென்றே பிழையாக எழுதி விளையாடியதில். சொன்னவர் விலாவில் கிச்சுக்கிச்சு.

வம்பு வந்தது 'சாரி'யில். அதன் வேர் ரணம். சொன்னால் நெஞ்சில் உப்புப் பட்ட கீறல். லிஃப்டில் காலை மிதித்ததற்கும் கல்யாணநாளை மறந்ததற்கும் ஒரே சாரியை இறைத்த கூட்டம் கப்சிப். தமிழில் கேட்கலாமே என்பீர்கள். பெண்டாட்டியிடம் 'மன்னித்துவிடு' என்று சொல்ல எங்கள் மாடி ஆண்களுக்கு நாக்கு கூசும். அந்தக் கூச்சத்துக்குத்தானே சாரியை வைத்திருந்தார்கள்!

இந்த நிலையில்தான் செல்வின் வாயைக் கொடுத்தார். துறைமுகத்தில் கப்பல் வழிகாட்டி வேலைக்கான தேர்வில் மனைவி பியூலா தோற்றதை, அவரிடம் மட்டும் அவள் அழுதுகொண்டே சொன்னதை, மொட்டைமாடி விருந்தில் நகைச்சுவையாக அவிழ்த்துவிட்டார். மறுநாள் காலை பியூலா பெட்டியோடு வாசலில் நின்றாள். நாகர்கோவிலுக்கு, அக்காள் வீட்டுக்கு. எதிர்வீட்டுக் கதவுகள் தற்செயலாகத் திறந்திருந்தன.

"வெளாட்டுக்குச் சொன்னேன் பியூலா."

"வழிய விடுங்க."

"இந்தப் பட்டையக் கழத்திட்டு நூறு தடவ சொல்லுதேன், போதுமா?"

"கழத்திட்டுச் சொன்னதெல்லாம் வீட்டுல அம்பாரமா கெடக்கு. போட்டுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, பாப்போம்."

செல்வின் எங்களைப் பார்த்தார். நாங்கள் கூரையைப் பார்த்தோம்.

"சாரி."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். வேர்த்து ஊற்றியது. அதோடு முடியும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"அது விருந்துல சொன்னதுக்கு. நீ தலையக் குனிஞ்ச பெறவும் நான் சிரிச்சேன்லா, அதுக்கு... சாரி."

இரண்டாவது சாரியை யாரும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை. பியூலா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "ஓகே" என்றாள்.

அந்தச் சொல்லைக் கல் முகத்தோடு சொல்லி முடித்தவர் உலகத்தில் கிடையாது. விலா குலுங்கியது, பெட்டி நழுவியது, கண்ணீரும் சிரிப்புமாக அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டாள். பாடம் ஒப்பிப்பது செல்வினிடம்தான்.

இதற்கிடையில் புகார் குவிந்ததால் வேருணர்த்திக்காரர்கள் வலிக்காத பட்டை ஒன்றை வெளியிட்டார்கள். ஓடிப்போய் முதலில் வாங்கியவர் செல்வின். அன்று மாலையே அவர் வைத்த பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. உற்சாகமாக, "சாரி பியூலா!" என்றார்.

அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பழைய பட்டைய எங்க வச்சீங்க?"