அண்ணி கேட்காத பாட்டு

காப்பி டம்ளரை மேஜைமேல் ‘ணங்’கென்று வைத்தார் கணவர். ஞாயிற்றுக்கிழமை காலையும் அதுவுமாக ஆரம்பித்துவிட்டார்.

“பாட்டு நடுவுல என் தங்கச்சி அம்மா நெனப்பு வந்து தேம்பித் தேம்பி அழுதிருக்கா... நீ கண்ணை மூடிக்கிட்டு கடைசி வரி வரைக்கும் பாடியிருக்கே! ஒரு வாரமா அவ என்கிட்டகூட சரியாப் பேசலை. கல் மனசுடி உனக்கு!”

அவள் அடுப்பைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல் மனசாம்! தாயில்லாத அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டவள் இவள்தானே? மொட்டை மாடியில் ஈரத் துணியை உதறிப் போட்டபடி நாத்தனார் தன் அம்மாவின் தாலாட்டைப் பாடுவாள். அண்ணியும் கூடச் சேர்ந்துகொள்வாள். இரண்டு குரலும் ஒன்றாகிவிடும். எது யாருடையது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. அது ஒரு காலம்!

கல்யாணமாகிக் கடல் கடந்து போனவள், வாராவாரம் கம்ப்யூட்டரில் வந்து அண்ணியோடு பாடிவிட்டுப் போவாள். போன வாரத்தோடு அதற்கும் கண் பட்டுவிட்டது.

“வா, வந்து மன்னிப்புக் கேளு,” என்று கணவர் அவளைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார். திரையில் நாத்தனார் முகம் வீங்கியிருந்தது.

“பாட்டு ஆரம்பிச்சதும் என் சத்தத்தை அணைச்சிடுவீங்களா அண்ணி? மறைக்காதீங்க... அவ்வளவு இளக்காரமாப் போயிட்டேனா நான்?”

“ஆமாடி, அணைச்சிடுவேன்.”

கணவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

“முதல் தடவை நாம கம்ப்யூட்டர்ல பாடினப்போ பாட்டு இழுத்துக்கிட்டே போச்சே, ஞாபகம் இருக்கா? என் குரல் உனக்குத் தாமதமா வருது, உன் குரல் எனக்கு அதைவிடத் தாமதமா வருது. உனக்காக நான் நிக்க, எனக்காக நீ நிக்க, பாட்டே படுத்துடுச்சு. ஒருத்தி காதைப் பொத்திக்கிட்டு முன்னால பாடினா, அதைக் கேட்டுக் கூடப் பாடுற இன்னொருத்திக்கு மட்டும் ரெண்டு குரலும் சேரும். அது உனக்குச் சேரட்டும்னு நெனச்சேன்... நீதானே அங்க தனியாக் கிடக்கிறே!”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்போ... இத்தனை வருஷமா நாம சேர்ந்து பாடினதை நீங்க கேட்டதே இல்லையா?”

“இல்லைடி.”

“ஏன் அண்ணி சொல்லலை?”

“சொன்னா நீ நிறுத்திடுவே. அப்புறம் உன் குரலே இந்த வீட்டுக்கு வராதே!”

கணவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்களைப் போய் என்னென்னவோ நெனச்சுட்டேனே... இன்னைக்கு நான் முன்னால பாடுறேன் அண்ணி. உங்க சத்தத்தை அணைச்சிடுறேன். நீங்க கேளுங்க.”

தாலாட்டு வந்தது. அண்ணி தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொண்டாள். இரண்டாவது வரியில் குரல்கள் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டன. எத்தனை வருஷம்! ஒரு சொல்லைக்கூட விடாமல் பாடினாள், கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

பாட்டு முடிந்ததும் நாத்தனார் அவசரமாகச் சத்தத்தைத் திறந்தாள்.

“சேர்ந்துச்சா அண்ணி?”

அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள். அந்தத் தலையசைப்பு கடல் கடந்து போய்ச் சேரும்வரை நாத்தனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.