நடை நின்றால்

மேல்வீட்டில் யாரோ கனத்த சப்பாத்தோடு நடந்தார்கள். பால் காய்ச்சிக்கொண்டிருந்த ரஜனி நிமிர்ந்து பார்த்தாள். அங்கே தனியே குடியிருந்த ஜெர்மேன் என்ற பிரெஞ்சுக் கிழவர் செத்து அன்று எட்டாம் நாள். வீடு பூட்டியே கிடந்தது.

பாரிஸின் லா சப்பலில் கார்த்திகை மாதம் பின்னேரமே இருட்டிவிடும். கீழே பலகாரக் கடையின் எண்ணெய் வாசமும் ஈரச் சுவரின் பூஞ்சண வாசமும் வழக்கம்போல மாடிப்படியால் ஏறி வந்தன, ஆனால் இன்று அவற்றோடு நனைந்த சருகின் வாசமும் காட்டுச் சேற்றின் வாசமும் சேர்ந்து, கதவின் கீழ் இடைவெளியால் உள்ளே வந்தன.

ரெஸ்ரோறன்டில் வேலையாயிருந்த கணவன் கலைமாறனுக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, மேலை ஆரோ நடக்கினம்."

"வீடு பார்க்க ஆக்கள் வந்திருப்பினம். கிழவருக்கு எட்டுச்செலவுப் படையல் செய்தனீரே?"

"ஓம். பாவம், அவருக்கெண்டு ஒருத்தரும் இல்லையே. சோறு கறி எல்லாம் படைச்சனான்."

"சந்தியிலை வைச்சிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தனீரே?"

"சந்தியிலை வைச்சால் பொலிஸ் பிடிக்கும் எண்டு பயந்து, அவரின்ரை கதவடியிலை வைச்சனான்."

அந்தப் பக்கம் கலைமாறன் சட்டியை டக்கென்று வைத்தது கேட்டது.

"விசரே உமக்கு? செத்தவரை அனுப்பத்தானே சந்தியிலை வைக்கிறது. வாசலிலை வைச்சால் கூப்பிட்ட மாதிரியெல்லே!" பிறகு சிரித்தான். "பயப்பிடாதையும். எங்கடை உறைப்புக்கு வெள்ளைக்காரன் ஓடியிருப்பான்."

ரஜனிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வயது மகள் தர்மிளாவை அணைத்தபடி கட்டிலில் ஒடுங்கினாள். ஜெர்மேன் நல்ல மனிதர். பிள்ளைக்குத் தோடம்பழம் தருவார். அன்போடு வைத்த ஒரு பிடி சோறு கெடுதல் செய்யாது. முருகா.

நடை அவர்களுக்கு மேலாகப் போனது. வந்தது. வன்னியில் பதுங்குகுழிக்குள் கிடந்ததுபோல அசையாமல் கிடந்தாள்.

ஜெர்மேன் வேட்டைக்காரர். ஒருநாள் படியில் நின்று, பிரெஞ்சும் சைகையுமாகச் சொல்லியிருந்தார். பக்கத்தில் ஆள் நடந்துகொண்டேயிருந்தால் மான் பற்றைக்குள் அசையாமல் படுத்திருக்கும், கடந்து போகட்டும் என்று. நடை நின்றால்தான் தன்னைக் கண்டுவிட்டார்கள் என்று பயந்து எழும்பி ஓடும். அதற்காகவே வேட்டைக்காரர் இடையிடையே நிற்பாராம்.

நடந்துகொண்டே இரும், ஐயா. நடந்துகொண்டே இரும்.

சப்பாத்து கட்டிலுக்கு நேர் மேலே வந்தது.

நின்றது.

மூச்சுச் சத்தம்கூட இல்லை.

எழும்பக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கால்கள் எழும்பிவிட்டன. பிள்ளையின் கையைப் பிடித்தாள். கதவைத் திறந்தாள். இருட்டுப் படி. சேற்று வாசம். இறங்கினாள்.

பிடித்திருந்த பிள்ளையின் கை பின்னால் இழுபட்டது. பிள்ளை நின்றுவிட்டாள்.

"கெதியாய் வாம்மா!"

இழுத்தாள். வரவில்லை. திரும்பினாள்.

தர்மிளாவின் மற்றக் கை தலைக்கு மேலே நீண்டிருந்தது, உயரமான ஒருவர் பிடித்திருப்பதுபோல. மணிக்கட்டில் சட்டைத் துணி விரல் விரலாக அமுங்கியிருந்தது. பிள்ளையின் குதிகால்கள் மெல்லப் படியைவிட்டு உயர்ந்துகொண்டிருந்தன.