கழுத்தருகே மிஞ்சிய பட்டன்

கருமத்தம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தறிச் சத்தம் வரும் பக்கமாக எட்டு நிமிடம் நடந்தால் பாலகோபால் அண்ணனின் சட்டைக் கம்பெனி. கம்பெனி என்பது அவர் சொல்வது. பார்ப்பதற்கு அது பழைய தறிக்கொட்டகை. தறிகளை எடைக்குப் போட்டுவிட்டுப் பதினான்கு தையல் மெஷின்களை இறக்கியிருந்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பல வருட எண்ணெயைக் குடித்துக் கறுத்த தரை. வெயில் நேரத்திலும் உள்ளே ஒரு மூலை இருட்டாகவே இருக்கும்.

அங்கே என் வேலை என்ன என்று சொன்னால் கல்லூரியில் யாரும் நம்புவதில்லை. நூறு வருடத்துக்கு முந்தைய போர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் நடித்துப் பார்க்கும் ஆட்கள் சீமையில் இருக்கிறார்கள். யாருக்கும் காயம் படாது, மத்தியானம் சாப்பாடும் உண்டு. அவர்களுக்கு 1916-இல் சிப்பாய்கள் போட்ட அதே சட்டை வேண்டும், ஒரு தையல் பிசகாமல். பாலு அண்ணன் தைத்துக் கொடுப்பார். சட்டையோடு வைக்கும் அட்டையில் அதன் வரலாற்றை நான் எழுதுவேன். செத்தவர்களின் துணிக்கு விளம்பரம். பகுதி நேரம்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, பார்த்துத் தைப்பதற்காக அசல் சட்டையே கொரியரில் வந்தது. ஒரு வாரத்தில் திருப்பி அனுப்ப வேண்டும். காக்கி. முழங்கால் வரை நீளம். காலர் கிடையாது. தலைவழியாகப் போடுவது, நெஞ்சு வரை மட்டும் திறப்பு, அதில் நான்கு பட்டன். பஸ்ராவுக்குப் போன சென்னை மாகாணப் படையில் யாரோ ஒருவனுடையது என்று கடிதம் சொன்னது. உள்பக்கம் ஒரு எண் இருந்தது. பெயர் இல்லை. மடிப்பைப் பிரித்ததும் அந்துருண்டை வாசம் எழுந்தது. அதற்கடியில், மெல்லிசாக, வியர்வை.

"சின்னப் பையன்," என்றார் ஆமினா அம்மா. "ஊருல சட்டையே போட்டிருக்க மாட்டான். மாட்டத் தெரியாம இழுத்திருக்கான், மேல் காஜா கிழிஞ்சிருக்கு பாருங்க."

பட்டன் நுழையும் துளையின் விளிம்பை நூலால் கட்டுவதுதான் காஜா. உக்கடத்துத் தையல்காரர்களுக்கு அதை இருபது வருடம் கையால் கட்டிக் கொடுத்தவர் ஆமினா பீவி. என் நண்பன் அஃபானின் அம்மா. எட்டு மாதத்துக்கு முன்னால், மழையில், பைபாஸில் அஃபானின் பைக் ஒரு லாரிக்கு அடியில் போனது. அதற்குப் பிறகு அவர் ஊசியைத் தொடவில்லை. அவன் சட்டைகளைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். கைக்காஜாவுக்கு ஆள் வேண்டும் என்று பாலு அண்ணன் சொன்னபோது நான்தான் கூட்டி வந்தேன்.

வந்த அன்றே என் சட்டையின் மேல் காஜா பிரிந்திருப்பதைப் பார்த்துவிட்டார்.

"கழட்டு. போட்டுக்கிட்டே தைக்கக் கூடாது கண்ணு."

தையல் பெண்கள் சிரித்து முடிக்கும் வரை நான் பனியனோடு உட்கார்ந்திருந்தேன்.

அசல் சட்டையைத் தலையில்லாத ஒரு பொம்மைக்குப் போட்டு, பட்டன்களைத் திறந்துவிட்டு, அந்த இருட்டு மூலையில் நிறுத்தினார்கள்.

"ஏனுங்க அக்கா, இதுமேல ஒரு தையல்கூடப் போட்றாதீங்க. அப்படியே திருப்பி அனுப்போணும்," என்றார் பாலு அண்ணன்.

"சரிங்க தம்பி."

சாயங்காலம் பார்த்தால் கிழிந்த மேல் காஜா புதிதாகக் கட்டியிருந்தது.

"கிழிஞ்சு கெடக்கறதப் பாத்துக்கிட்டு எப்படிங்க தம்பி ஊட்டுக்குப் போறது? கை கேக்கல."

பாலு அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கஸ்டமரைவிட அவருக்குப் பேய்ப் பயம் அதிகம். செத்தவன் சட்டையில் கை வைத்தாயிற்றே என்று பொம்மையின் காலடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். பொம்மைக்குக் கால் கிடையாது.

இப்படிப்பட்ட மனிதரைச் சும்மா விடுவது பாவம். திங்கட்கிழமை சாயங்காலம் எல்லோரும் வெளியே போனதும், பொம்மைச் சட்டையின் பட்டன்களை ஒரு துளை தள்ளி, கோணலாக மாட்டிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க் காலை பாலு அண்ணன் போட்ட சத்தம் பக்கத்துக் கொட்டகைத் தறிகளையும் தாண்டிக் கேட்டது. ஆமினா அம்மா மட்டும் சட்டைக்குப் பக்கத்தில் போனார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க அஃபான் இப்படித்தான் மாத்தி மாட்டிக்கிட்டுத் திரிவான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடம் வகுப்பில் நாங்கள் அவனைக் கேலி செய்தது இதற்காகத்தான். என் கை அதை அவனிடமிருந்து எடுத்திருக்கிறது.

அவர் ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினார். நெஞ்சுப் பக்கத்தைத் தடவி விட்டார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

அதற்காக அன்று சாயங்காலமும் மாட்டிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை எனக்குக் கல்லூரியில் தேர்வு. கொட்டகைப் பக்கமே போகவில்லை. வியாழன் மத்தியானம் போனபோது பாலு அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மனோஜு, இன்னிக்கும் மாட்டியிருக்குதுடா சாமி."

ஆமினா அம்மாவே செய்திருப்பார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. நாளை காலை முதல் ஆளாக வந்து பார்த்துவிடலாம் என்று அன்று சாயங்காலம் நானே பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது சட்டை திறந்துதான் இருந்தது. இரண்டு தடவை பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்குப் போனேன். ஷட்டருக்கு வெளியே ஆமினா அம்மா நின்றிருந்தார். முதல் பஸ்ஸிலேயே வந்திருக்கிறார்.

மின்வெட்டு. ஊரில் ஒரு தறியும் ஓடவில்லை.

கருமத்தம்பட்டியில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

உள்ளே எதுவோ உரசியது. துணிமேல் விரல் போவதைப் போல.

டிக்.

துளைக்குள் பட்டன் நுழையும் சத்தம் எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டிக்.

ஆமினா அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். ஊசி குத்திக் காய்த்த விரல்கள்.

டிக்.

நான்காவதற்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

ஷட்டரைத் தூக்கினேன். யாரும் இல்லை. அந்துருண்டை வாசமும் இல்லை. நனைந்த தார்ச்சாலை வாசம் அடித்தது. அதோடு ஒரு பாடி ஸ்ப்ரே வாசம். அஃபான் தினமும் அரை பாட்டில் அடித்துக்கொண்டு வருவான், கடைசி பெஞ்ச் முழுக்கத் தும்மும்.

காக்கிச் சட்டை கோணலாக மாட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"அம்மா," என்றேன். "மொத ரெண்டு நாளு நான்தான் மாட்டிவிட்டேன். பாலு அண்ணனப் பயமுறுத்தறதுக்கு. மன்னிச்சுருங்க."

"தெரியும் கண்ணு. எனக்காகத்தான் நீ செய்யறேன்னு சிரிச்சேன்."

"எப்படித் தெரியும்?"

"நீ மேல இருந்து மாட்டிட்டு வருவே, கீழ ஒண்ணு மிஞ்சும். அவன் கீழ இருந்து மாட்டுவான். கழுத்துக்கிட்ட மிஞ்சும்." பக்கத்தில் போய்ச் சுட்டிக் காட்டினார். "நேத்தும் இன்னிக்கும் நீ இல்ல."

மேல் பட்டன் துணை இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய அடையாள அட்டைப் படத்திலும் அப்படித்தான் தொங்கும்.

"அவனுக்குக் கடைசியா நான் ஒரு தையல்கூடப் போடல," என்றார். "கஃபன் துணியில தையல் கெடையாது. மூணு வெள்ளத் துண்டு. சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. இந்த ஒரு காஜாவப் பாத்து, என் கைன்னு தெரிஞ்சு வந்திருக்கான்." சட்டைமேல் கையை வைத்தபடி நின்றார். "நாளைக்கு இதச் சீமைக்கு அனுப்புனா இவனும் கூடப் போயிருவானா மனோஜு? அங்க போயி என்ன பண்ணுவான்? இங்கிலீசுலயே மூணு அரியர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாகவே முடியவில்லை.

அவர் சின்னக் கத்தரியை எடுத்தார். தான் கட்டிய காஜாவை நூல் நூலாகப் பிரித்தார். அடியிலிருந்த பழைய கிழிசல் மறுபடி வாயைத் திறந்தது. அதன்மேல் விரலை வைத்து, அந்தப் பெயர் தெரியாத சிப்பாயிடம் சொன்னார்:

"கோவிச்சுக்காத தங்கம். உனக்குப் போட்டதப் பிரிச்சுப்போட்டேன். உங்கம்மா உன்ன எங்க தேடறாளோ."

சனிக்கிழமை காலை சட்டை நாங்கள் விட்டபடியே இருந்தது. நான்கு பட்டனும் திறந்து. அந்துருண்டை வாசம் மட்டும். பாலு அண்ணன் சாமிக்குக் கற்பூரம் காட்டினார். பதினோரு மணிக்குக் கொரியர் பையன் பார்சலைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஆமினா அம்மா கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசியை எடுக்கவில்லை.

"போயிட்டான் போல," என்றார்.

ஏதாவது சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். அவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்தார்.

"நேரா மாட்டிட்டு வரக் கூடாதா கண்ணு?"

குனிந்து பார்த்தேன்.

கழுத்தருகே ஒரு பட்டன் மிஞ்சித் தொங்கியது. அதற்குரிய துளை, அவர் கட்டிக் கொடுத்த காஜா, இரண்டாவது பட்டனைப் பிடித்திருந்தது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று நேராகத்தான் மாட்டினேன்.

அவர் எழுந்து வந்தார். ஒவ்வொன்றாகக் கழற்றினார். கீழேயிருந்து ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், சரியாக மாட்டிக்கொண்டு வந்தார். கழுத்தருகே வந்ததும் கை நின்றது.

"மழையில வண்டிய மெதுவா ஓட்டோணும் தங்கம்."

என்னிடம் வண்டி கிடையாது.

"சரிங்கம்மா," என்றேன்.

இப்போதும் சனிக்கிழமைகளில் கொட்டகைக்குப் போகிறேன். திருப்பூர் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒரு டி-ஷர்ட்கூட இல்லையா என்று தையல் பெண்கள் கேலி செய்கிறார்கள். எனக்கு அந்தச் சட்டை போதும். சில சனிக்கிழமைகளில் எல்லாப் பட்டனும் நேராகவே இருக்கும். அன்றைக்கு ஆமினா அம்மா குனிந்து ஊசியில் நூல் கோப்பார். நானே மாற்றி மாட்டிக்கொண்டு போகலாம்தான். அவருக்குத் தெரிந்துவிடும்.

மற்ற நாட்களில் நான் உள்ளே நுழைவதற்குள் அவர் எழுந்து நிற்பார். கடைசி மெஷினில் யாராவது தும்முவார்கள்.