வாசலில் குப்புறக் கிடந்தவன்

பிச்சையம்மாள் சாணி தெளித்துக் கூட்டிவிட்டு உள்ளே போன வாசலில், விளக்கு வைக்கும் நேரத்துக்குள், ஓர் ஆள் குப்புறப் படுத்து எழுந்த தடம் கிடந்தது. நெற்றி பதிந்த குழி, மார்பு அழுந்திய ஈரமண், தலைக்கு மேலே நீட்டிச் சேர்த்த இரண்டு கைகளின் கோடு. நாய் படுத்ததாக இருக்கும் என்று அவள் புருஷன் சோலையப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாய்க்குக் கை ஏது? எரிச்சலோடு காலால் அழித்தார். வந்துபோன காலடி ஒன்றுகூட மண்ணில் இல்லை.

அன்றுதான் அவர் புதுக்கோட்டையிலிருந்து பொன்னமராவதிக்குத் திரும்பியிருந்தார். கொலை வழக்கில் அசெஸராக இருக்கச் சொல்லிச் சம்மன் வந்ததிலிருந்தே அவருக்கு வயிற்றெரிச்சல். அசெஸர் என்றால், ஜட்ஜுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஊர்க்காரர்களை உட்காரவைப்பார்கள். சாட்சியெல்லாம் முடிந்ததும் குற்றவாளியா இல்லையா என்று அபிப்பிராயம் கேட்பார்கள். ஜட்ஜ் அதை எடுத்துக்கொண்டாலும் கொள்ளலாம், தள்ளினாலும் தள்ளலாம். குழம்பில் கிடக்கும் கறிவேப்பிலைக்கு உள்ள மரியாதைதான். இந்த வெட்டி வேலைக்காக, கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் அவர் வயலுக்கு வந்த தண்ணீர் முறை கைவிட்டுப் போயிருந்தது.

குளத்தூர்ப் பக்கத்து மூக்கன், மடைத் தகராறில் ஒருவனை மண்வெட்டியால் வெட்டிக் கொன்றான் என்பது வழக்கு. கண்ணால் பார்த்ததாகச் சொன்ன சாட்சி ஒருவன்தான். அவன் பேச்சும் நாளுக்கு ஒன்றாக மாறியது. இவன் பார்க்கவே இல்லை என்று சோலையப்பனுக்கு உள்ளுக்குள் பட்டது. ஆனால் மற்ற அசெஸர்கள் குற்றவாளி என்றார்கள். மாற்றிச் சொன்னால் ஏன், எதற்கு என்று ஜட்ஜ் குடைவார். இன்னும் ஒரு பொழுது வீணாகும். எப்படியும் தீர்ப்பு அவருடையதுதானே? "குற்றவாளிதாங்க" என்று சொல்லிவிட்டார்.

ஜட்ஜ் தூக்கு என்று வாசித்தார். மூக்கன் ஜட்ஜைப் பார்க்கவில்லை. வழக்கு முழுக்கவே அவன் தலைப்பாகை கட்டிய அசெஸர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த நீதி நாட்டுக் கூட்டம். பல ஊர் கூடும் அந்தக் கூட்டத்தில் தீர்ப்புச் சொல்கிறவர்கள், ஊர்ப் பெரியவர்களான நாட்டார்கள். குற்றம் சுமந்தவன் அவர்கள் முன்னால் குப்புற விழுந்து கிடப்பான். அபராதமோ மன்னிப்போ, ஒருவர் 'எந்திரிப்பா' என்று சொன்ன பிறகுதான் எழுவான். விலங்கு போட்ட கையோடு மூக்கன் ஓடிவந்து சோலையப்பனின் காலடியில் விழுந்தான்.

"நாட்டார் சொன்னதுக்குக் கட்டுப்படுறேன் சாமி. எந்திரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

கோர்ட்டுக் கச்சேரியில் தான் வாய் திறக்கலாமா என்று தெரியாமல் சோலையப்பன் விழித்தார். போலீசார் அவனைக் கொத்தாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. தடம் அழிக்க அழிக்க விழுந்தது. ஒவ்வொரு தடவையும் படியை நோக்கிக் கொஞ்சம் நெருங்கியிருந்தது.

"ஏங்க, யாரு இங்கிட்டு வந்து விழுந்து கும்பிட்டுப் போறது?" என்றாள் பிச்சையம்மாள்.

அவர் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினார். மறுநாள் வண்டி கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனார். வக்கீல் சிரித்தார். எழுதிக் கொடுத்த மனு கிணற்றில் போட்ட கல். மூன்று தடவை அலைந்த பிறகு குமாஸ்தாவைப் பிடித்தார்.

"என் அபிப்பிராயத்த மாத்தணுங்க. அந்தச் சாட்சி பொய்யி."

குமாஸ்தா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். "ஒங்க வேலை அன்னைக்கே முடிஞ்சு போச்சுங்களே. ஒங்க வார்த்தைய வச்சா ஜட்ஜ் தண்டனை குடுத்தாரு?"

"மதிப்பில்லேன்னா எதுக்குய்யா கேட்டீங்க? மதிப்பு உண்டுன்னா இப்பக் கேளுங்க!"

"கத்தாதீங்க. அப்பீலும் தள்ளியாச்சு. வெள்ளிக்கிழம விடியக்காலம் தூக்கு."

ஆத்திரத்தில் அழுகை வந்தது அவருக்கு. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்தால் தடம் படியேறியிருந்தது. சிமெண்டுப் படியில், ஈரமண்ணால்.

"கிட்ட நின்னு எந்திரின்னு சொல்லிப்புட்டா என்னங்க?" என்று பிச்சையம்மாள் கெஞ்சினாள்.

"ஆளில்லாத தரையப் பாத்தா? ஊரு சிரிக்கும்டி."

ஊர் சிரிப்பது பற்றி அவருக்குக் கவலையில்லை. சொன்னால் எழுந்துவிடுமோ என்பதுதான் பயம். வியாழன் போயிற்று. அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாயப் பிச்சையம்மாள் கோயிலுக்கு விளக்குப் போடப் போனாள். சோலையப்பன் கூடத்தில் தனியாக இருந்தார். தொழுவத்தில் மாடுகள் அசைபோடும் சத்தம், கூரையில் பல்லி, எங்கோ கிணற்றுக் கப்பியின் நீண்ட கிறீச்சல் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கி, மடையில் வாரிப்போட்ட சேற்றின் வாடை மட்டும் வீடு முழுக்கப் பரவி மூக்கில் ஏறியது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. மண்ணில் வாயை வைத்துக்கொண்டு ஒருவன் மூச்சு விடுகிற சத்தம். வாசலிலிருந்து இல்லை. படியிலிருந்தும் இல்லை.

அவர் காலடியில்.

இருட்டில் ஒரு முதுகு. சேர்த்து நீட்டிய கைகள். விரல் நுனிகள் அவருடைய கட்டைவிரலைத் தொட்டன. சில்லென்று.

விடியற்காலமே எல்லாம் முடிந்திருக்கும். இனி சொல்லி என்ன? சொல்லாவிட்டாலும் இது போகாது. உதடு ஒட்டிக்கொண்டது. பிய்த்துக்கொண்டு சொன்னார்.

"எந்திரிப்பா."

கைகள் ஊன்றின. முழங்கால். இடுப்பு. தோள். உடம்பு எழுந்துவிட்டது. தலை எழவில்லை. அது முதுகுப் பக்கமாகத் தொங்கியது.

உடம்பு நிற்கவில்லை. இன்னும் எழுந்தது. அவர் தலைக்கு மேல். குதிகால் தரையை விட்டது. பிறகு விரல்களும்.

"போதும்ப்பா. போதும்!"

அந்த வார்த்தையை அது கேட்கவில்லை. உத்தரத்துக்குக் கீழே, கயிறு எதுவும் இல்லாமல், அது மெல்லச் சுற்றியது. சோலையப்பனின் முகத்துக்கு நேரே இரண்டு பாதங்கள் தரையைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தன.