பச்சை எரியும் வீடு

காலையில் ஆய்வகக் கதவு திறக்க வேண்டுமென்றால் குரல்மானியிடம் பேசியாக வேண்டும். "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று அது கேட்கும். பதில் சொன்னதும் விளக்கு எரியும். பச்சை என்றால் கதவு திறக்கும். மஞ்சள் என்றால் மனதை அடக்கும் மருந்து தடவிய சமன் பட்டையை மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அமைதி அறையில் உட்கார வேண்டும். சிவப்பு என்றால் வண்டி வரும்.

எனக்குப் பாதி நாள் மஞ்சள்தான்.

"என்ன லூர்து, இன்னைக்கும் சண்டையா?" என்றார் காவலாளி பரமன் அண்ணன்.

"பஸ்ஸ ரெண்டு கட்டடம் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துறான்ணே. ஓடி வந்தேன். மூச்சு வாங்குனா மனநோயாம்."

"அதுகிட்ட கோவிச்சுக்காதம்மா. பாவம், அதுக்கும் மனசு கஷ்டப்படப்போகுது."

பட்டையை ஒட்டிக்கொண்டேன். அம்மா செவத்தியம்மா பஞ்சாலையில் வேலை பார்த்தவள். ஓடுகிற மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிய வீடு எங்களுடையது. சாப்பிடக் கூப்பிட்டால்கூட அடிக்கக் கூப்பிடுவது போலிருக்கும். தெருவிலேயே முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். பட்டம் வந்தது; குரல் மட்டும் இறங்கவில்லை.

மனச்சோர்வைக் குரலிலிருந்து கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஆய்வு. சமன் பட்டை ஏமாற்று வேலை இல்லை. என்னோடு படித்த ஒருத்தி உயிரோடு இருப்பதே அதனால்தான். என் கோபம் கருவியின் காது மேல். அது ஏற்ற இறக்கத்தை மட்டும் அளக்கும், சொல்லைக் கேட்காது. சொல்லையும் சேருங்கள் என்று கூட்டத்தில் ஒருமுறை சண்டை போட்டேன்.

"மேடம், எங்க ஊர்ல வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் 'போறேன்'னு சொல்ல மாட்டாங்க. 'வர்றேன்'னுதான் சொல்லுவாங்க. ஒருத்தர் 'போறேன்'னு சொன்னா அதுல விஷயம் இருக்கு. கருவிக்கு ரெண்டும் ஒண்ணா இருந்தா எப்படி?"

"அது வழக்கம், லூர்து. நோய்க்குறி இல்ல," என்றார் துறைத் தலைவர் பத்மப்பிரியா. பிறகு என் பக்கத்திலிருந்த குரல்மானி விளக்கைப் பார்த்தார். அது மஞ்சளாகியிருந்தது. "கொஞ்சம் ஓய்வெடுத்துட்டு வாங்களேன்."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மஞ்சள் எரிகிறவள் சொல்வது எதுவும் கருத்து இல்லை, அறிகுறி.

பஸ்ஸுக்காக ஓடிவந்து மஞ்சளான அன்று மதியம் அம்மாவே கூப்பிட்டாள்.

"சாப்டியா?"

"சாப்ட்டேன். ஏம்மா, தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு."

"முட்டி வலி?"

"பரவால்ல."

"எதிர்வீட்டுக்காரி இன்னும் குப்பையை நம்ம வாசல்லதான் தள்ளுறாளா?"

"தள்ளட்டும். நீ நல்லா இரு. சரி, போறேன்."

வைத்துவிட்டாள்.

'போறேன்' என்றாளே. கொல்லைப்பக்கம் போவதற்குக்கூட 'வர்றேன்' என்று சொல்கிறவள் என் அம்மா. சின்ன வயதில் நான் 'ஸ்கூலுக்குப் போறேன்' என்று சொன்னபோது வாயிலேயே ஒரு அடி வைத்தவள். எதிர்வீட்டுக்காரியை ஒரு நாள் விடாமல் திட்டுகிறவள். கொஞ்ச மாதமாகவே எல்லாப் புகாரும் நின்றிருந்தது. பட்டை ஒட்டியவர்களின் குரல் போல, அவள் குரல் பட்டையே இல்லாமல் தட்டையாக இருந்தது. வயசாகிறது, அடங்கிவிட்டாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சகாயம் சித்திக்குப் போட்டேன்.

"சித்தி, ஓடிப்போய் அம்மாவைப் பாருங்க. கதவைத் தட்டுங்க."

"ஏண்டி கத்துற? இங்கயிருந்தே தெரியுது, அவ வீட்டு வாசல்ல பச்சைதான் எரியுது. நைட் ஷிப்ட் முடிச்சு, சமைச்சு வச்சுட்டு இப்பத்தான் படுத்தேன்."

"பச்சையப் பாக்காதீங்க, அவளப் பாருங்க!"

"பச்சை எரியிற வீட்ட எதுக்குடி தட்டணும்? உனக்கு இன்னைக்கு மஞ்சளா? பட்டையப் போட்டுக்கிட்டு செத்த நேரம் உக்காரு."

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உள்ளே இருப்பவர் குரலைக் கேட்டு எரியும் விளக்கு வந்த பிறகு யாரும் யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பதில்லை. விளக்கு பார்த்துக்கொள்ளும்.

வாசலுக்கு ஓடினேன். வேலை நேரத்தில் வெளியே போவதற்கும் பச்சை வேண்டும். "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்றது குரல்மானி.

"திறந்து தொலை."

மஞ்சள்.

"அண்ணே, திறந்துவிடுங்கண்ணே. அம்மாவுக்கு ஏதோ ஆகப்போகுது."

பரமன் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "என் கையில இல்லம்மா. அடுத்து சிவப்பு வந்துச்சுன்னா உன்னத்தான் கொண்டுபோவாங்க. இன்னும் ஒரே ஒருவாட்டிதான் கேக்கும். நிதானமா சொல்லு."

பட்டை ஒட்டினால் நிதானம் வரும். அம்மாவைப் பற்றிய பயமும் போய்விடும். வாசல் பெட்டியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, ஒட்டாமலே திரும்ப வைத்தேன். கண்ணை மூடினேன். என்னிடம் இல்லாத குரல் ஒன்று வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"பரவால்ல," என்றேன். "தள்ளட்டும். நல்லா இருக்கேன்."

பச்சை.

அம்மா இத்தனை மாதமும் இதைத்தான் செய்திருக்கிறாள். இவ்வளவு எளிது. கதவு திறந்தது, ஓடினேன்.

எங்கள் ஊருக்குப் போகும் வேடசந்தூர் பஸ்ஸில் ஏறி, அதே குரலில் சித்தியைத் திரும்பக் கூப்பிட்டேன். "சித்தி, பட்டை போட்டுக்கிட்டேன். மன்னிச்சுக்கங்க. அம்மா உங்களுக்குக் கருவாடு எடுத்து வச்சிருக்காளாம். உடனே வாங்கிக்கிடச் சொன்னா. போனை வைக்காம போங்க, நானும் ஒரு வார்த்தை பேசணும்."

"இப்பப் பேசுறே பாரு, இதுதான் புள்ளைக்கு அழகு," என்று சித்தி எழுந்தாள்.

செருப்புச் சத்தம். தட்டும் சத்தம். மறுபடி தட்டும் சத்தம். பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். தாழ்ப்பாள் விலகியது.

"என்னக்கா, கருவாடு..." என்று ஆரம்பித்த சித்தி நிறுத்திவிட்டாள். "அக்கா, என்ன இது? கண்ணெல்லாம்... ஏன்க்கா, என்னான்னு சொல்லு."

பிறகு என் அம்மாவின் சத்தம் கேட்டது. சொல் எதுவும் இல்லை. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்துகிற அந்தப் பழைய குரலில், வாய்விட்டு அழுதாள்.

"லூர்து, வாசல் விளக்கு செவப்பாயிருச்சுடி. வண்டி வந்துரும். பட்டையப் போட்டுட்டுப் போயிருவாங்க. திரும்பப் பச்சையாயிருவா. நான் என்ன பண்ண?"

"விளக்க விடுங்க சித்தி. அவ கையப் புடிச்சுக்கிட்டு உக்காருங்க. யார் வந்தாலும் விட்றாதீங்க. மருந்து வேணும்னா குடுக்கலாம், ஆனா அவ சொல்லுறத யாராச்சும் கேட்ட பிறகு. போனை அவ காதுல வைங்க."

அழுகை பக்கத்தில் வந்தது.

"அம்மா," என்றேன். என் சொந்தக் குரலில்தான், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி. "வர்றேன்."